ஒரு நாற்காலி, ஒரு நிழல்: போட்டோ எடிட்டிங்கில் கலைப்படைப்பு செய்யக் கற்பது

போட்டோ எடிட்டிங் கற்க வருபவர்கள் பெரும்பாலும் கருவிகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பின்னணியை எப்படி நீக்குவது, வானத்தை எப்படி மாற்றுவது, முகத்தை எப்படிப் பளபளப்பாக்குவது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறார்கள். சில மாதங்களில் கை பழகிவிடும். ஆனால் அதற்குள் சேர்ந்திருக்கும் படங்களைத் திரும்பிப் பார்த்தால் உள்ளங்கையில் நிற்கும் யானை, மேகத்தில் மிதக்கும் தீவு, பறவைகளாகச் சிதறும் முகம் என்று எல்லாமே யாரோ கொடுத்த பயிற்சிகளாக இருக்கும். வேலையில் சுத்தம் இருக்கும். இதை இவர் ஏன் செய்தார் என்று கேட்டால் மட்டும் படத்திலிருந்து பதில் வராது.

அந்தப் பதில் எங்கிருந்து வரும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது மனதில் தோன்றும் இடத்திலிருந்து கோப்பாகச் சேமிக்கும் இடம் வரை போவோம். போகிற வழியில் எந்தக் கருவி தேவைப்படுகிறதோ அதை அங்கேயே கற்றுக்கொள்வோம். தேவைப்படாத கருவிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

மென்பொருளுக்கு முன்பே இருந்த கலை

பல படங்களை ஒட்டி ஒரு படமாக்குவது கணினியோடு வந்த பழக்கம் இல்லை. 1857-இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற ஒளிப்படக் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய படமாக அச்சிட்டார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, சாகக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணையும் அவளைச் சுற்றி இருக்கும் குடும்பத்தாரையும் ஒரே அறையில் காட்டினார். அந்தக் கால லென்ஸும் ரசாயனமும் ஜன்னலுக்கு வெளியே உள்ள வெளிச்சத்தையும் அறைக்குள் உள்ள இருட்டையும் ஒரே முறையில் பிடிக்க முடியாதவை. அதனால் தனித்தனியாக எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய இடம் தெரியக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம் காட்டினார்கள்.

அறுபது ஆண்டுகள் கழித்து பெர்லினில் ஹன்னா ஹோஹ் நேர்மாறாகச் செய்தார். முதல் உலகப்போர் முடிந்த காலம். பத்திரிகைகளில் வந்த படங்களைக் கத்தரித்து, அரசியல்வாதியின் தலையை நடனமாடும் உடலில் வைத்து, பல்சக்கரங்களை நடுவில் செருகி ஒட்டினார். வெட்டிய விளிம்பு பளிச்சென்று தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார். உடைந்துபோன ஒரு சமூகத்தை வழவழப்பான படமாகக் காட்டினால் அது பொய்யாகிவிடும் அல்லவா?

இந்த இரண்டு வழிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இடத்தை மறைப்பதா, காட்டுவதா என்பது திறமை சம்பந்தப்பட்ட விஷயமாகத் தோன்றும். உண்மையில் அது நீங்கள் சொல்ல வந்ததைப் பொறுத்த முடிவு. ராபின்சனின் படத்தில் ஒட்டு தெரிந்திருந்தால் அந்த அறையின் துயரத்தை நாம் நம்பியிருக்க மாட்டோம். ஹோஹ் படத்தில் ஒட்டு மறைந்திருந்தால் அதன் கோபம் போயிருக்கும்.

முதலில் ஒரு வாக்கியம்

கணினியைத் திறக்கும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'தனிமை', 'காலம்', 'இயற்கை' போன்ற ஒற்றைச் சொற்கள் போதாது. அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் வருவது எல்லோருக்கும் வரும் படம்தான்: தனிமைக்கு மழை வழியும் ஜன்னல், காலத்துக்குக் கடிகாரம். வாக்கியத்தில் இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும். அவற்றுக்கு நடுவே ஏதோ ஒன்று நடக்க வேண்டும்.

நம் உதாரணத்துக்கு இப்படி எழுதுவோம்: 'அவர் போய்விட்டார், அறை இன்னும் அவரை விடவில்லை.' இங்கே அறை ஒன்று இருக்கிறது, போனவர் ஒருவர் இருக்கிறார். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அறை. படத்தின் உயிர் அந்தப் பிடிப்பில் இருக்கிறது.

இதை எப்படிக் காட்டுவது? உடனே தோன்றுவது, நாற்காலியில் பாதி கரைந்த உருவம் ஒன்றை ஆவிபோல் உட்கார வைப்பது. ஒபாசிட்டியை, அதாவது உருவம் எவ்வளவு கெட்டியாகத் தெரிகிறது என்பதை, ஐம்பது சதவீதமாகக் குறைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அதில் அறைக்கு எந்த வேலையும் இல்லை. போனவர் திரும்பி வந்திருக்கிறார், அவ்வளவுதான். நம் வாக்கியம் சொல்வது வேறு. அறைதான் ஏதாவது செய்தாக வேண்டும். அறையிடம் என்ன இருக்கிறது? சுவர், தரை, வெளிச்சம், நிழல். நாற்காலி காலியாக இருக்கட்டும். சுவரில் விழும் நிழலில் மட்டும் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படி வாக்கியத்தின் வினைச்சொல்லை யார் செய்கிறார் என்று கேட்பது எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள வழி. தேய்ந்துபோன படிமங்களிலிருந்து அது உங்களை வெளியே கொண்டுவந்துவிடும்.

எடிட்டிங் தொடங்குவது கேமராவில்

இந்தப் படத்துக்கு இரண்டு போட்டோக்கள் வேண்டும். ஒன்றில் நாற்காலி காலி. இன்னொன்றில் அதே நாற்காலியில் ஒருவர். கேமரா அல்லது போன் அசையக்கூடாது. ஸ்டாண்டில் வைத்து, தொடாமல் டைமரில் எடுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிறச் சாயல்) மூன்றையும் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால், ஆள் வந்து உட்கார்ந்ததும் கேமரா வெளிச்சத்தை மாற்றிக் கணக்கிடும். இரண்டு சுவர்களும் இரண்டு நிறத்தில் வரும்.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தால் நிழல் உடலுக்கு நேர் பின்னால் விழுந்து மறைந்துவிடும். பக்கத்திலிருந்து வந்தால் நிழல் உடலை விட்டு விலகிச் சுவரில் தனியாக நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான். விளக்கு சிறியதாகவும் தள்ளியும் இருந்தால் நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பெரிய ஜன்னலிலிருந்து வரும் மேகமூட்ட வெளிச்சத்தில் நிழல் கரைந்து குழம்பிவிடும். வெயிலில் எடுப்பதாக இருந்தால் இரண்டு படங்களையும் அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழிந்தாலே நிழல் நகர்ந்திருக்கும்.

லேயரும் மாஸ்க்கும்

ஃபோட்டோஷாப் என்ற எடிட்டிங் மென்பொருள் 1990-இல் வெளிவந்தபோது அதில் லேயர் கிடையாது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை ஒன்றை ஒட்டினால் அடியில் இருந்தது அழிந்தது. லேயர் வந்த பிறகு ஒவ்வொரு படமும் தன் தன் தாளில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், மறைக்கலாம், திரும்ப எடுக்கலாம்.

ஆள் உட்கார்ந்திருக்கும் படத்தை அடி லேயரிலும் காலி நாற்காலிப் படத்தை மேல் லேயரிலும் வையுங்கள். இப்போது திரையில் காலி நாற்காலி மட்டும் தெரியும். மேல் லேயருக்கு ஒரு லேயர் மாஸ்க் சேருங்கள். மாஸ்க் என்பது அந்த லேயரோடு ஒட்டியிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளையாக உள்ள இடத்தில் லேயர் தெரியும். கறுப்பான இடத்தில் மறையும். சாம்பல் நிறமானால் பாதி தெரியும். புதிதாகச் சேர்த்த மாஸ்க் முழு வெள்ளையாக இருப்பதால் எந்த மாற்றமும் தெரியாது.

பிரஷ்ஷை எடுத்து, கறுப்பைத் தேர்ந்து, சுவரில் நிழல் விழ வேண்டிய இடத்தில் தீட்டுங்கள். மேல் லேயர் அங்கே விலகும், அடி லேயரின் சுவர் தெரியும், அதோடு உட்கார்ந்திருப்பவரின் நிழலும் தெரியும். நாற்காலிக்கு மேல் தீட்டாத வரை ஆள் வெளியே வரமாட்டார். தவறிப்போய்த் தோள் கொஞ்சம் எட்டிப்பார்த்தால் வெள்ளையை எடுத்து அந்த இடத்தில் தீட்டினால் போதும். 'எக்ஸ்' விசை கறுப்பையும் வெள்ளையையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும். ஃபோட்டோஷாப், கிம்ப், கிரிட்டா ஆகிய மூன்று மென்பொருள்களிலும் இதே விசைதான்.

இங்கே ஒரு சந்தோஷமான விஷயம். நிழலின் விளிம்பை நூல் பிடித்தாற்போல் வெட்ட வேண்டியதில்லை. நிழலைச் சுற்றியுள்ள சுவர் இரண்டு படங்களிலும் ஒன்றேதான். மென்மையான பெரிய பிரஷ்ஷால் தாராளமாகத் தீட்டினாலும் ஒட்டு தெரியாது. கேமராவை அசைக்காமல் எடுத்ததற்கான பலன் இது. தொடக்கத்தில் பலர் தலைமுடியை ஒவ்வோர் இழையாகப் பிரித்தெடுப்பதில் நாட்களைச் செலவழிக்கிறார்கள். அந்தத் திறமை தேவைப்படும் நாள் வரும். ஆனால் படம் எடுக்கும்போதே யோசித்தால் பாதி இடங்களில் அது தேவைப்படாது.

மாஸ்க்கை ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றால், தொடக்கக் கட்டத்தில் ஒரே ஒரு கருவியைத்தான் ஆழமாகக் கற்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அழிப்பானால் அழித்த பிக்சல் (படத்தின் மிகச் சிறிய புள்ளி) போனது போனதுதான். மாஸ்க்கால் மறைத்தது உள்ளே பத்திரமாக இருக்கிறது. திரும்ப வரும் வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை துணிந்து சோதனை செய்யும். அந்தத் துணிவு இல்லாமல் கலை வராது.

நிழலுக்கு எடை கொடுத்தல்

இப்போது நிழல் இருக்கிறது, ஆனால் சற்று வெளிறி இருக்கலாம். ஒரு புதிய வெற்று லேயரை மேலே போட்டு, அதன் பிளெண்ட் மோடை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். பிளெண்ட் மோட் என்பது மேல் பிக்சலும் கீழ் பிக்சலும் சேரும்போது என்ன கணக்கு போட வேண்டும் என்ற கட்டளை. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 1 என்றும் கொண்டால் மல்டிப்ளை இரண்டையும் பெருக்குகிறது. 0.5-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 0.25, ஆகவே படம் இருளும். வெள்ளையால் பெருக்கினால் மாற்றமில்லை. ஸ்க்ரீன் என்ற மோட் இதற்கு எதிர்த்திசையில் போகும், அதே இரண்டு 0.5-ம் சேர்ந்து 0.75 ஆகும், படம் வெளுக்கும். நிழலுக்கு மல்டிப்ளை, ஒளிக்கு ஸ்க்ரீன். மற்ற இருபது சொச்சம் மோட்களை இந்த இரண்டும் கைவந்த பிறகு பார்க்கலாம்.

நிழலைக் கறுப்பால் தீட்டாதீர்கள். உண்மையான நிழல் கறுப்பு இல்லை. சுற்றியுள்ள சுவரும் தரையும் தெறிக்கும் வெளிச்சம் அதற்குள் போய்க்கொண்டே இருக்கும். படத்திலேயே உள்ள நாற்காலியின் நிழலிலிருந்து நிறத்தை எடுத்து, குறைந்த ஒபாசிட்டியில் மெல்ல மெல்லத் தீட்டுங்கள். நாற்காலியின் கால் தரையைத் தொடும் இடத்தில் நிழல் இருண்டும் கூர்மையாகவும் இருக்கும், பொருளை விட்டு விலக விலக வெளிறி மென்மையாகும். வேறு எங்கோ எடுத்த பொருளைப் படத்தில் நுழைக்கும்போதும் இந்த ஒரு கவனிப்பு போதும், அந்தப் பொருள் மிதக்காது, நிற்கும்.

அப்படி வேறு படத்திலிருந்து பொருளைக் கொண்டுவரும்போது மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது, அது கூர்மையானதா மென்மையானதா, அதன் நிறம் என்ன. நிறத்தை ஓரளவு திருத்தலாம். மென்மையைக் கஷ்டப்பட்டு ஏமாற்றலாம். திசை தவறினால் வேறு படம் தேடுவதே நல்லது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும்.

வெற்றுச் சுவரில் இன்னொரு சிக்கல் வரும். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். மூன்று நிறங்களும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள் கிடைக்கும். கேட்க அதிகம்தான். ஆனால் ஒரே சுவரில் வெளிச்சம் மெதுவாக மங்கும் இடத்தில் நமக்குக் கிடைப்பது சில படிகளே. கர்வ்ஸ் என்பது ஒரு கோட்டை வளைத்து ஒளி இருளை மாற்றும் கருவி; அதைப் பலமாக வளைத்தால் அந்தப் படிகள் விலகி, சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும். ரா வடிவில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் பல ஆயிரம் படிகள் தரும் 16 பிட்டில் வேலை செய்தால் இது குறையும். கடைசியில் கொஞ்சம் நாய்ஸ், அதாவது மணல் போன்ற சிறு புள்ளிகள், தூவினாலும் பட்டைகள் மறையும், வேறு படத்திலிருந்து வந்த பொருளும் அதே கேமராவில் எடுத்தது போல ஒட்டிக்கொள்ளும்.

எதை எடுத்துவிடுவது

தொடக்கத்தில் இருப்பவர்கள் படத்துக்கு அர்த்தம் கூட்ட வேண்டும் என்றால் பொருள்களைக் கூட்டுகிறார்கள். வாடிய பூ, பழைய கடிதம், நின்றுபோன கடிகாரம் எல்லாம் நாற்காலியைச் சுற்றி வந்து சேரும். ஒவ்வொன்றும் 'இவர் போய்விட்டார்' என்று உரக்கச் சொல்லும். அத்தனை குரலில் நிழலின் குரல் கேட்காது.

என் பரிந்துரை, ஒவ்வொரு பொருளையும் மறைத்துப் பாருங்கள். அது இல்லாமலும் வாக்கியம் நிற்கிறதா? நின்றால் அது வேண்டாம். சுவரில் உள்ள சுவிட்ச் பலகை, தரையில் கிடக்கும் ஒயர் போன்றவற்றை பக்கத்துச் சுவரை நகலெடுத்து மூடும் க்ளோன் அல்லது ஹீலிங் கருவியால் நீக்கிவிடலாம். அதையும் தனி லேயரில் செய்யுங்கள். ஆனால் சுவரின் விரிசலையும் நாற்காலியின் கீறலையும் விட்டுவைப்பேன். ஒருவர் பல காலம் புழங்கிய இடம் என்பதற்கு அவைதான் சாட்சி.

நிறத்திலும் இதே கேள்வி. நிழல் நீலச் சாயலில் இருந்தால் அறை குளிர்ந்துவிடும், இழப்பு முன்னே வரும். கொஞ்சம் செம்பழுப்பாக இருந்தால் அறை அவரை அன்போடு வைத்திருப்பதுபோல் தோன்றும். நம் வாக்கியத்துக்கு எது? 'விடவில்லை' என்பதை ஏக்கமாகப் படிப்பதா, பாசமாகப் படிப்பதா என்பது உங்கள் கையில். ஒரு கர்வ்ஸ் லேயரில் நீலச் சேனலை (படத்தின் நீல நிறப் பங்கை) நிழல் பகுதியில் சற்று மேலே தூக்கிப் பாருங்கள், பிறகு கீழே இறக்கிப் பாருங்கள். இரண்டையும் வைத்துவிட்டு மறுநாள் பார்த்து முடிவெடுங்கள். ரெடிமேட் ஃபில்டர்களை நான் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். அவை அழகான நிறத்தைத் தரும், ஆனால் அந்த நிறத்தை ஏன் தேர்ந்தோம் என்ற கேள்வியை உங்களிடமிருந்து பறித்துக்கொள்ளும். எழுத்தில் கேட்டதும் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிலும் எனக்குள்ள தயக்கம் அதுவே. கற்கும் காலத்தில் தேர்வுகளை நீங்களே செய்யுங்கள்.

வேலை நடுவே கண் பழகிப்போகும், தவறு தெரியாது. படத்தை இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், ஒளி இருளின் பொருத்தம் அப்போதுதான் அப்பட்டமாகத் தெரியும். தபால்தலை அளவுக்குச் சுருக்கியும் பாருங்கள். அந்த அளவிலும் காலி நாற்காலியும் உட்கார்ந்த நிழலும் பிரிந்து தெரிந்தால் அமைப்பு சரியாக இருக்கிறது.

மென்பொருள், உரிமை, உண்மை

எந்த மென்பொருள் என்பது இந்த வேலைக்குப் பெரிய விஷயமே இல்லை. ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா வேண்டும். கிம்ப் 1996 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கிரிட்டாவும் இலவசம், தீட்டுவதற்கு இன்னும் இதமானது. ஃபோட்டோபீ பிரவுசரிலேயே ஓடும். லேயர், மாஸ்க், பிளெண்ட் மோட், கர்வ்ஸ் நான்கும் இவை எல்லாவற்றிலும் உண்டு.

அடுத்தவர் படத்தை எடுத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் உரிமத்தைப் படியுங்கள். இணையத்தில் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. பழைய ஓவியங்கள், பொருள்கள் வேண்டுமென்றால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020 முதலும் லட்சக்கணக்கான படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கின்றன. ஆனாலும் உங்கள் கேமராவில் உங்கள் கண் கண்டதை எடுத்துச் செய்யும் படத்தில் வேறொரு நெருக்கம் இருக்கும்.

செய்தது கலைப்படைப்பு என்பதையும் மறைக்காதீர்கள். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அட்டையில் பொருந்துவதற்காக எகிப்திலுள்ள கீசாவின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. ஃபோட்டோஷாப் பிறப்பதற்கு முன்பே நடந்தது அது. அதே மாற்றத்தை ஓர் ஓவியர் செய்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உண்மை என்று நம்பி வாங்குபவர்களின் கையில் போனதால்தான் விவாதமானது. உங்கள் நிழல் நாற்காலியைப் 'பேய் வீடு' என்று யாராவது பரப்பும் முன், அது எப்படிச் செய்யப்பட்டது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

சேமிப்பதும் காட்டுவதும்

லேயர்களோடு உள்ள மூலக் கோப்பை ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி ஆகவும், கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் ஆகவும் வைத்திருங்கள். ஜேபெக் லேயர்களை ஒன்றாக்கிவிடும், திறந்து திறந்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரத்தையும் தின்னும். அது வெளியே அனுப்புவதற்கான பிரதி மட்டும். திரையில் காட்டும் பிரதியை, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் சேமியுங்கள். ஏ4 தாளில் நன்றாக அச்சிட, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில், 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. எனவே தொடங்கும்போதே பெரிய அளவில் தொடங்குங்கள்.

பிறகு படத்தைத் தலைப்பு இல்லாமல், விளக்கம் இல்லாமல் ஒருவரிடம் காட்டுங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள், 'நன்றாக இருக்கிறது' என்ற பதில்தான் வரும். 'என்ன தெரிகிறது?' என்று கேளுங்கள். அவர் முதலில் நாற்காலியைச் சொல்கிறாரா, நிழலைச் சொல்கிறாரா, அல்லது நீங்கள் மறந்துவிட்ட ஒயரைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். 'யாரோ போயிருக்கிறார்' என்று சொன்னால் வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது. 'யாரோ வரப்போகிறார்' என்று சொன்னால் அதையும் எழுதி வையுங்கள். அதே இரண்டு போட்டோவில் உங்களுக்கு இன்னொரு படம் இருக்கிறது. இந்த முறை மாஸ்க்கைத் தலைகீழாக்கி, ஆளை உட்கார வைத்து நிழலை எடுத்துப் பாருங்கள்.